போத்தலில் இருந்த பெயர்

அன்று லண்டன் ஈஸ்ட் ஹாம் வீட்டுச் சமையலறையில் இருந்தவர்கள் மூன்றே பேர்: கோயில் நிர்வாகசபை உறுப்பினர் யோகராஜா, அவருடைய தங்கை அருமைநாயகி, மருமகள் அஜந்தா. மகன் கீர்த்தனன் வேலைக்குப் போயிருந்தான்.

மேசையில் மூன்று கிளாஸ் பியர் இருந்தது, அஜந்தா காய்ச்சியது.

யோகராஜா அந்தச் சாமானை வாயில் வைத்ததில்லை. அவருடைய தகப்பனாரும் வைத்ததில்லை. கலியாண வீட்டில் யாராவது கிளாஸை நீட்டினால், அவர் முதுகை நிமிர்த்திப் பார்க்கிற பார்வையிலேயே அது திரும்பிப் போய்விடும்.

அஜந்தாவுக்குத் தடிமன், மூக்கடைப்பு. மணமும் இல்லை, ருசியும் இல்லை. வீட்டில் காய்ச்சுகிறவர்களுக்கான பண்ணை வீட்டுப் பியர் போட்டிக்கு ஒருவர் ஒரு வகைதான் கொடுக்கலாம். பின்னேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

"மாமா, குடிக்க வேண்டாம். எது நல்லதெண்டு மணந்து மட்டும் சொல்லுங்கோ."

அருமைநாயகி எழுந்துபோய் ஜன்னல் திரையை இழுத்து மூடினாள்.

யோகராஜா மணந்தார். பிரெஞ்சு ஈஸ்ட் போட்டதில் தட்டிய மிளகு. பெல்ஜியம் ஈஸ்ட்டில் கராம்பும் கனிந்து கறுத்த வாழைப்பழமும். நோர்வே ஈஸ்ட்டில் ஆரஞ்சு வாசம், அப்போதுதான் உரித்த தோடம்பழத் தோல்.

அவர் மறுபடியும் மணந்தார். மூன்றும் ஒரே பானையில் காய்ச்சிய பார்லிச் சாறு. ஜாடிக்கு ஒரு சின்னப் பை உலர் ஈஸ்ட், அவ்வளவுதான் வித்தியாசம். நோர்வே ஜாடி சூடு கேட்டதென்று அஜந்தா அதை வெந்நீர்ப் பொயிலர் அலமாரியில் தோசை மாச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தபோது அவர் முகம் சுளித்தது உண்மை. பூசைப் பாத்திரம் கழுவுவதுபோல அவள் போத்தல் கழுவுவதையும் அவர் பார்த்திருந்தார்.

வாழைப்பழத்தைத் தள்ளி வைத்தார். மற்ற இரண்டில் எது என்று மூக்கு சொல்ல மறுத்தது.

வெறும் போத்தலொன்றைக் கையில் எடுத்தார். லேபலில் 'அ. யோகராஜா' என்றிருந்தது. இந்த நாட்டு முறைப்படி கலியாணத்தோடு அஜந்தாவுக்கு வந்த குடும்பப் பெயர், அவருடைய பெயர்.

அஜந்தாவின் முகம் வாடிவிட்டது. "லேபலை உரிச்சுப் போடட்டே, மாமா?"

"விடு பிள்ளை. என்ர பேரில கூடாத சாமான் வெளியில போகக்கூடாது."

நிமிர்ந்து உட்கார்ந்தார். மருந்து குடிப்பதுபோல ஒன்றில் ஒரு மிடறு, மற்றதில் ஒரு மிடறு. பிறகு, மருந்துபோல இல்லாமல், முதலாவதில் இன்னொன்று.

தோடம்பழம் மணத்தோடு சரி, நாக்கில் இனிப்பு மிஞ்சியது. மிளகோ இனிப்பின் சுவடே தெரியாமல் காய்ந்து இறங்கியது. மிளகுக் கிளாஸின் மேல் விரலை வைத்தார். கெட்டிக்காரி என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார்.

அண்ணை மணந்ததுதான், வேறொன்றும் நடக்கவில்லை என்று அருமைநாயகி சுவாமிப் படத்தைப் பார்த்து முணுமுணுத்தாள்.

மிளகுப் பியருக்கு முதல் பரிசு கிடைத்தது. வெற்றிப் பட்டியலில் 'அ. யோகராஜா' என்ற பெயர் மட்டும்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை அவர் கோயிலுக்குப் போவதற்கு முன்பே கதை போய்விட்டது: யோகராஜா இந்த வயதில் களவாகப் பியர் காய்ச்சுகிறாராம், பரிசும் வாங்கினாராம்.

அன்னதான வரிசையில் சபைத் தலைவர் குரலைத் தாழ்த்தி, உண்மையா என்று கேட்டார். அருமைநாயகி அண்ணனுக்குக் கண்ணைக் காட்டினாள்.

யோகராஜா முதுகை நிமிர்த்தினார். வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி சொன்னார்.

"பிழை. காய்ச்சினது என்ர மருமகள் அஜந்தா. நான் குடிச்சனான், அவ்வளவுதான்."