அளவெடுத்த முகம்

இமயமலை தேய்ந்தாலும் தேயும், தன் உடம்பில் ஒரு கிராம் குறையாது என்று பால்வண்ணம் அறிவித்தார். கதிர்வீச்சு அறைக்கு வெளியே அவரோடு காத்திருந்த மற்ற தொண்டைப் புற்றுநோய்க்காரர்கள் யாரும் மறுக்கவில்லை. மறுக்க அவர்களில் பலரிடம் குரல் இல்லை.

சிகிச்சை தொடங்குமுன் ஒவ்வொருவர் முகத்துக்கும் அளவெடுத்து ஒரு வலைமுகமூடி செய்திருந்தார்கள். அதை மாட்டி, தலையை மேசையோடு பூட்டித்தான் கதிர் பாய்ச்சுவார்கள். ஆள் இளைத்தால் முகமூடி தொளதொளத்துவிடும். பிறகு சிகிச்சையை நிறுத்திவைத்து, மூக்கில் சாப்பாட்டுக் குழாய் ஏற்றுவார்கள். நிறுத்திய நாளில் கட்டி மட்டும் சும்மா இருக்காது.

அதற்குப் பயந்து முகமூடிக்குள் கன்னத்தை உப்பிக்கொள்வதாகப் பக்கத்து நாற்காலி ஞானதிரவியம் ரகசியமாகச் சொன்னார்.

"என்ன வே, உள்ள போயி நாயனமா வாசிக்கேரு?" என்று பால்வண்ணம் கூடமே திரும்பிப் பார்க்கக் கேட்டார். "கஞ்சியக் குடியும் வே!"

"எறங்குனா குடிக்க மாட்டனா அண்ணாச்சி?"

சில வாரங்களில் ஞானதிரவியம் மூக்கில் குழாயும் கன்னத்தில் கொஞ்சம் சதையுமாக வந்து உட்கார்ந்தார். பால்வண்ணம் அவரைப் பார்க்காமல், மனைவி கொடுத்தனுப்பிய கஞ்சியை வாஷ்பேசினில் ஊற்றி, தூக்குவாளியைச் சுத்தமாகக் கழுவினார்.

உள்ளே, முகமூடியைப் பூட்டிய பெண் அதன் ஓரத்தில் விரலை விட்டாள். விரல் தாராளமாக நுழைந்தது.

"லூசா இருக்கா ஐயா?"

பால்வண்ணம் மூச்சை இழுத்தார். அவள் மறுபடி விட்ட விரல் கன்னத்தில் இடித்து நின்றது.

"சொல்லுங்கய்யா, சரியா இருக்கா?"

வாயைத் திறந்தால் காற்று போய்விடும். அவர் கட்டைவிரலை மட்டும் உயர்த்தினார்.