முப்பத்தாறு பாட்டில்

"பொய்யி சார், மொத்தமும் பொய்யி!"

செல்வராஜ் மேஜையில் அடித்த அடியில் தாசில்தாரின் டீ கிளாஸ் ஆடியது.

ஜானகிராமனுக்குச் சுருக்கென்றது. செங்கல்பட்டில், தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவர். அவர் ரிப்போர்ட்டைப் பொய் என்று சொல்ல, நேற்று முளைத்த இவன் யார்?

விஷயம் இதுதான். தொண்ணூற்று மூன்றில் ஓடையூர் காலனியை ஒட்டி ஓர் இறால் பண்ணை வந்தது. அதன் உப்பு கிணற்றில் இறங்கிவிட்டது என்று, செல்வராஜை முன்னால் விட்டுக் காலனிக்காரர்கள் மனுப் போட்டிருந்தார்கள். காலனிப் பள்ளிக்கூடத்தில் இன்று விசாரணை. கிணறு நன்றாக இருக்கிறது என்று ஜானகிராமன் கையெழுத்துப் போட்டால் பண்ணை இரண்டு மடங்காகும். அதன் ஷேரும் எகிறும்.

அந்த ஷேரில் இருநூறு, மகள் ஸ்வாதியின் கல்யாணத்துக்காக அவர் பீரோவில் இருந்தது. அதற்கும் ரிப்போர்ட்டுக்கும் சம்பந்தமே கிடையாது. அப்படித்தான் தினமும் சாமி படத்துக்கு முன்னால் நின்று சொல்லிக்கொண்டார்.

"முப்பத்தாறு மாசம், முப்பத்தாறு பாட்டில், தம்பி!" ரிஜிஸ்டரைத் தூக்கிக் காட்டினார். "மாசாமாசம் நானே ஜீப்புல வந்து எடுத்துட்டுப் போயி, என் கையால டெஸ்ட் பண்ணினது. ஒரு தடவகூட உப்பு இல்ல."

"பருப்பு வேவ மாட்டேங்குது சார். சோப்பு நொர வர்ல. கொயந்தைங்க வவுத்தால போய்க்கினு கீதுங்க. இன்னாத்த டெஸ்ட் பண்ண நீ?"

தாசில்தார் ரிஜிஸ்டரைப் புரட்டினார். "ஐப்பசி மழையிலயும் அதே நம்பர், சித்திரை வெயில்லயும் அதே நம்பரா போட்டிருக்கே?"

"அதான் சார் நல்ல கிணத்துக்கு அடையாளம்."

ஜானகிராமனுக்கே ஒரு தடவை அந்தச் சந்தேகம் வந்ததுண்டு. மறுநாள் பேப்பரில் ஷேர் நாலு ரூபாய் ஏறியிருந்தது. சந்தேகம் போய்விட்டது.

"எல்லாம் நஷ்டஈடு வாங்கற வேலை சார்," என்றார் தாசில்தாரிடம், அவன் காதில் விழும்படியாகவே.

அப்போது செல்வராஜின் அம்மா எல்லம்மாள் ஒரு சொம்போடு உள்ளே வந்தாள். ஜானகிராமனுக்குத் தெரிந்தவள்தான். காலனி முனையில் முதல் வீடு அவளுடையது. மாசாமாசம் ஜீப் ஜன்னல் வழியாகப் பாட்டிலை வாங்கி, நிரப்பிக் கொடுப்பவள்.

"கத்திக் கத்தி தொண்ட வத்திப் பூட்ச்சி உனக்கு. குடி சார்."

ஜானகிராமன் வாங்கிக் குடித்தார். ஒரு வாய்தான், முகம் மலர்ந்துவிட்டது.

"தாசில்தார் சார், நீங்களே குடிச்சுப் பாருங்க! கல்கண்டு சார், கல்கண்டு! இதுக்கா மனு?"

தாசில்தாரும் குடித்தார். சொம்பை ஜானகிராமனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, செல்வராஜை ஏற இறங்கப் பார்த்தார்.

பகலெல்லாம் வேலைக்குப் போய்விடும் செல்வராஜுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எம்மா, ஏது இந்தத் தண்ணி?"

"தோப்புக் கெணத்துதுடா. ஆபீசருக்குப் போயி யாராச்சும் உப்புத் தண்ணியக் குடுப்பாங்களா?"

கையில் பிடித்த சொம்போடு ஜானகிராமன் அப்படியே நின்றார். மூன்று வருஷத்தில் ஒரே ஒரு நாள் ஜீப்பை விட்டு இறங்கியிருந்தால் போதும்.

"ஏம்மா... மாசாமாசம் நான் குடுத்த பாட்டில்ல?"

"அதுலயும் அதான் சார். பாவம், வெயில்ல ஜீப்புல குந்திகினு தண்ணி கேக்குறாரே, தாகமாங்காட்டியும்னு..."

எல்லம்மாள் வெள்ளந்தியாகச் சிரித்தாள்.

"நீ வர்ற அன்னிக்கு மட்டும் ரெண்டு மைலு நடந்து போயி ஒரு கொடம் எட்த்தாந்துருவேன். உனக்காவத்தான் சார். மத்த நாளுல எங்க வூட்டுக் கொயந்தைங்களுக்கே காலனிக் கெணத்துத் தண்ணிதான்."