ஐந்தாவது ஞாயிறு

பதினான்கு மாதம் குருவானவர் இல்லாமல் கிடந்த ஐந்து ஊர்ச் சபைகளுக்கும் சேர்த்து ஒருவழியாக ஒருவரைப் பேராயர் நியமித்தார். வரவேற்பு மாலையைக் கழற்றாமலே புதியவர் தான் ஆராதனைக்கு வரும் முறையை வாசித்தார்: முதல் நான்கு ஞாயிறும் பெரிய ஊர்களுக்கு, ஐந்தாவது ஞாயிறு ஈச்சன்விளைக்கு.

"ஐயரவாள், அஞ்சாவது ஞாயிறு எல்லா மாசமும் வராதே," என்று குருவானவரிடம் சொன்னார் ஈச்சன்விளைச் சபையைக் கவனித்துவரும் உபதேசியார் தேவபிச்சை.

"வரும்போது நானும் வருவேன்."

"வீட்டுல பொஞ்சாதி கிடையில கிடக்கா. திருவிருந்து கேட்டுக்கிட்டே இருக்கா."

"அன்னைக்கே வீட்டுக்கும் வந்து குடுத்திருதேன்."

காலண்டரில் அந்த ஞாயிறு மூன்று மாதம் தள்ளியிருந்தது. டாக்டர் அவளுக்கு ஒரு மாதம்தான் சொல்லியிருந்தார்.

முப்பது வருடம் சபை நடத்தியும், திருவிருந்துப் பாத்திரத்தைத் துலக்க மட்டுமே தேவபிச்சைக்கு உரிமை; திருவிருந்தின் அப்பத்தையும் திராட்சரசத்தையும் ஒருவர் வாயில் வைக்கக் குருப்பட்டம் வேண்டும். அன்றும் பாத்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து பல்பொடி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயர் எப்ப வாராவ?" கட்டிலிலிருந்து அவள் கேட்டாள்.

மாதத்தைச் சொன்னார்.

அவள் விரலில் மாதங்களை எண்ணினாள். "அப்ப நீங்களே தந்துருங்க."

தேவபிச்சை பாத்திரத்தைக் கழுவினார். எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்தினார்.