பதினேழாம் எண் சோப்பு

கண்ணாடிப் பெட்டிக்குள் விரித்து வைத்திருந்த நோட்டில் கணவரின் கையெழுத்தைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது.

சோப்புக் கம்பெனியின் பழைய ஆய்வுக்கூடத்தைப் புது அலுவலகமாக மாற்றி இன்றைக்குத் திறந்தார்கள். காலமான தலைமைக் கெமிஸ்டின் மனைவி என்று அவளுக்கும் அழைப்பு வந்திருந்தது.

சோப்பு வார்த்த நீளமேஜை இப்போது காபி கவுண்டர். ரசாயன ஆவி உறிஞ்சும் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒருத்தி உட்கார்ந்து போனில் யாரையோ காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

குனிந்து அடுத்த வரியைப் படித்தாள்.

'எண் 17. பன்னிரண்டு கட்டி. முதல் கட்டி உதவியாளருக்கு. மிச்சம் வீட்டுக்கு.'

'முதல் கட்டி உதவியாளருக்கு' என்பதை மறுபடியும் படித்தாள்.

பதினேழு கடைக்கே வராத சோப்பு. உனக்கென்றே செய்தது, வேறு யாருக்கும் கிடையாது என்று சொல்லித்தான் கொடுத்தார். அவளும் ஒரு வருஷம், கடைசிச் சில்லு கரையும்வரை தேய்த்துக் குளித்தாள்.

அந்த ஒரு வருஷம்தான் அவளுடைய வருஷம். மற்றபடி ஏறெடுத்தும் பார்க்காத மனிதர், வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அவள் கையைப் பிடித்து விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அப்படியொரு ஆசை!

அதையும் பங்கு போட்டிருக்கிறார். அதிலும் முதல் பங்கு அந்த உதவியாளப் பெண்ணுக்கு.

அந்த உதவியாளரும் வந்திருந்தாள். தலை நரைத்தும் மினுமினுப்புக் குறையவில்லை. அரைக்கைச் சட்டை வேறு. இவளுக்கு எந்த வெயிலிலும் முழுக்கைதான்.

நேரே போய் நின்றாள். சுற்றி வளைக்கவில்லை. பதினேழைக் கொடுத்துவிட்டு உன் கையையும் பிடித்துப் பார்த்தாரா என்று கேட்டேவிட்டாள்.

உதவியாளர் சிரித்தாள்.

"ஒரே ஒரு நாள் பாத்தாரு அக்கா. அதுக்குள்ள தோலெல்லாம் வெந்துபோச்சு. இனிமே தொட மாட்டேன்னு கட்டியைத் தூக்கிப் போட்டுட்டேன். இதை வேற யார் கையிலயும் போட்டுப் பாக்காதீங்க சார்னு அன்னைக்கே சொன்னேனே. பதினேழைப் பத்தி உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கெமிஸ்டின் மனைவி கண்ணாடிப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

போயும் போயும் இவளிடமா விட்டுக்கொடுப்பது?

"எனக்கு நல்லாத்தான் ஒத்துக்கிச்சு" என்றாள், சட்டைக்கையை விரல் நுனிவரை இழுத்துவிட்டுக்கொண்டே.