ஒன்பதாம் எண்

உலகக் கால்பந்தின் வரலாறு தங்கள் காலனி யுனைடெட்டில்தான் தொடங்குகிறது என்று கிளப்பின் ஆண்டு மலரில் எழுதியவன் லூர்துராஜ். விபத்தில் ஒன்பதாம் எண் ஆட்டக்காரன் பாஸ்கல் இறந்த பிறகு நான்கு வருடமாக அந்த அணி பத்துப் பேராகவே ஆடித் தோற்றது. ஆட்டத்துக்கு முன் கேப்டன் ஆட்டக்காரர் பட்டியலில் பாஸ்கல் பெயரையும் சேர்த்து வாசிப்பார். எல்லோரும் "வர்றான்" என்பார்கள்.

"பேய்க்கு ஜெர்சி தொவைச்சு வைக்கிற ஒரே கிளப்பு நம்மளுதுதான்டா" என்று லூர்து சிரிப்பான்.

இன்று தோற்றால் லீக்கிலிருந்தே நீக்கிவிடுவார்கள். அதனால் இந்த வழக்கத்தைக் கேலி செய்யும் லூர்துவையே கேப்டனாக்கினார்கள். அவனும் முதல் வேலையாக, பாஸ்கல் இடத்தில் ஆட டேனியல் என்ற புது ஆட்டக்காரனைக் கூட்டிவந்து பூட்ஸ் மாட்டச் சொன்னான். பிறகு எண் வரிசையில் பெயர்களை வாசித்தான். எட்டோடு குரல் நின்றது.

"என் பேரைச் சொல்லுண்ணா" என்றான் டேனியல்.

நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒன்பது யாருப்பா?"

லூர்து தாளை மடித்தான்.

"வர்றான் சார்."