சாட்சி நேரம்

தேவாலயத்துக் கழிப்பறையின் தகரக் கதவு வெயிலில் தகிக்கிறது. உள்ளே கிருபாவதி வயிற்றைப் பிடித்துக் குனிந்திருக்கிறாள். பல்வலிக்குத் தின்ற ஆன்டிபயாடிக் குடலைக் கெடுத்தது. அதற்குத் தந்த மாத்திரை தீரும் ஒவ்வொரு முறையும் பேதி திரும்பிவிடுகிறது. இன்று காலையும் திரும்பிவிட்டது. ஒலிபெருக்கியில் போதகர் அழைக்கிறார்: "பூரண சுகம் பெற்ற சகோதரி கிருபாவதி சாட்சி சொல்ல வாங்க." உடனே கைதட்டல். கணவர் ஞானாபரணம் கதவைத் தட்டுகிறார். "அம்மணி, சுகமாயிருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வந்துரு. இல்லீன்னா விசுவாசம் பத்தலைன்னு பேசுவாங்க." "பேரு குடுத்தது நீங்கதானுங்களே? என்னைக் கேட்டீங்களா?" வயிறு மறுபடி முறுக்குகிறது. அவள் வாளியை எட்டி உதைக்கிறாள். தண்ணீர் கதவுக்கடியில் பாய்ந்து அவருடைய பாலிஷ் போட்ட ஷூவை நனைக்கிறது. "மைக்க இங்க கொண்டாரச் சொல்லுங்க. சாட்சி தானாக் கேக்கும்."