சுருட்டிய கம்பளி

மேய்ச்சல் நாடோடிகளின் கூடாரத்தைப் போல, மரச்சட்டப் பின்னலைச் சுற்றிக் கம்பளி போர்த்திய வட்டமான யர்ட் வீடு அது. மலைச்சரிவில் அதைக் கட்ட உதவிக்கு வந்த மாமனார், வீடு முடிந்த பிறகும் ஊர் திரும்பவில்லை. காலையில் மதுரவாணி புழுக்கம் தாங்கவில்லை என்றதும், அவர்தான் சுற்றிலும் கம்பளியின் அடிப்பகுதியை முழங்கால் உயரத்துக்குச் சுருட்டிக் கட்டிவிட்டுக் கடைவீதிக்குக் கிளம்பினார்.

"இருக்கிறதே ஒரே அறை. உங்க பக்கத்துல வந்து உக்காரக்கூட யோசிக்க வேண்டியிருக்கு. உங்கப்பா எப்பதாங்க கிளம்புவாரு?" என்றாள் கணவனிடம்.

"மெதுவாப் பேசு, வாணி."

"யாரு கேக்கப்போறா? அவருதான் இல்லையே."

சொல்லிக்கொண்டே திரும்பியவள், மரப்பின்னலுக்கு அந்தப் பக்கம் மாமனாரின் பாதங்களைப் பார்த்தாள்.

பாதங்கள் நகர்ந்தன. ஒரு முடிச்சை அவிழ்த்துக் கம்பளியை இறக்கிவிட்டு, அடுத்த முடிச்சுக்குப் போனார். அப்படியே வீட்டை முழுதாகச் சுற்றி வந்தார். உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக இருட்டிக்கொண்டு வந்தது.

"காத்து ஜாஸ்தியா அடிக்குதும்மா. அதான் எறக்கிவிட்டேன்," என்றார் வாசலுக்கு வெளியிலிருந்து.

கூரையின் நடுவளையத்தில் தெரிந்த மரக்கிளையில் ஓர் இலைகூட அசையவில்லை. வெளியே போவதற்கு அந்த வீட்டில் அந்த ஒரு வாசல்தான் இருந்தது.